பல்லிக்குப் போகும் பிள்ளை

"வீட்ல கொஞ்சம் தமிழ்ல பேசுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார் தமிழ் மிஸ். பெற்றோர் சந்திப்பு, வரிசையில் எனக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். "நாங்க தமிழ்தான் மிஸ் பேசுறோம், அதுதான் பிரச்சனையே" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நல்ல மனுஷி. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்?

ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் சின்னவன் நாலாம் வகுப்பு. நாங்கள் இருப்பது பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில். வீட்டில் நான், அவர், மாமியார், பெரியவள் எல்லோரும் காலை முதல் இரவு வரை தமிழில்தான் கத்திக்கொண்டிருக்கிறோம். அப்படியிருந்தும் அவனுடைய தமிழ்க் கட்டுரை நோட்டைத் திறந்தால் இப்படி இருக்கும்: "நேத்து காத்து பலமா அடித்தது. அதனால் நான் பல்லிக்கு போகவில்லை. என் நன்பன் வீட்டில் வாளைப்பலம் சாப்பிட்டேன்." சொல்லுக்குச் சொல் சிவப்பு வட்டம். கீழே, "கவனம் தேவை. பத்து முறை எழுதவும்."

அந்த மூன்று வரிகளையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். கவனம் இல்லாத பிள்ளை எழுதியதா இது? என்ன கேட்கிறானோ அதை அப்படியே எழுதியிருக்கிறான். எங்கள் வீட்டில் யாரும் "நேற்று" என்று சொல்வதில்லை, "நேத்து"தான். எங்கள் தெருவில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர் விற்பது "வாயப்பயம்". நாங்கள் கொஞ்சம் நாகரிகமாக "வாளப்பளம்" என்போம், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் காது சரியாக இருக்கிறது. அவன் காதில் விழும் தமிழும் நோட்டில் எழுத வேண்டிய தமிழும் வேறு வேறு என்பதை மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

தமிழில் எழுத்துப்பிழை வரவே வராது, சொல்கிறபடி எழுதினால் போதும், ஆங்கிலம்தான் கஷ்டம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. பாதி உண்மை. எழுதியதைப் படிப்பதற்கு அது பொருந்தும். எழுத்து தெரிந்த பிள்ளை தமிழில் எந்தச் சொல்லையும் தட்டுத்தடுமாறியாவது படித்துவிடும். கேட்டதை எழுதுவது அப்படியில்லை. ர, ற இரண்டும் இன்றைக்கு நம் வாயில் பெரும்பாலும் ஒன்றுதான். ந, ன ஒன்றுதான். ல, ள, ழ மூன்றும் வேறு வேறு ஒலிகள், ஆனால் சென்னையில் எத்தனை பேர் வாயில் வேறு வேறாக வருகின்றன? ஆக, பிள்ளை காதை வைத்துக்கொண்டு மட்டும் எழுதினால் பாதி இடத்தில் குருட்டாம்போக்கில்தான் எழுத முடியும். தமிழ் சுலபம் என்று எல்லோரும் நம்புவதால், பிழை வந்தால் பழி நேராகப் பிள்ளை மேல் விழுகிறது. சோம்பேறி, விளையாட்டுப் புத்தி, எல்லாம் இந்த செல்போனால் வந்தது. எங்கள் வீட்டில் அவர் சொன்னது மூன்றாவது.

இந்தப் பத்து முறை எழுதுகிற சமாச்சாரத்தை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொல், "முயற்சி". நோட்டில் மேலிருந்து கீழாக முதலில் மு, மு, மு என்று பத்து மு. அப்புறம் மேலே போய் ய, ய, ய என்று பத்து. பிறகு பத்து ற். பிறகு பத்து ச். கடைசியாகப் பத்து சி. பக்கம் முழுக்க அழகான பத்து "முயற்ச்சி" முளைத்துவிட்டது, பிழை உட்பட. கை வலிக்குது என்று உதறிக்கொண்டான். அவன் ஒரு தடவைகூட அந்தச் சொல்லை எழுதவில்லை, ஐந்து எழுத்துகளைத் தனித்தனியாகப் பத்துப் பத்துத் தடவை எழுதினான். இதைச் சொன்னதும் பெரியவள், "எல்லாரும் அப்படித்தான்மா எழுதுவாங்க, இது உனக்குத் தெரியாதா?" என்றாள்.

அதற்கு மேல் காப்பி எழுத வைப்பதை வீட்டில் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் கொடுக்கட்டும். அதற்குப் பதிலாகச் செய்தது, பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்பு வட்டங்களை அவனையே வகை பிரிக்கச் சொன்னது. கலர் பென்சில் கொடுத்தேன். வாயில் வருகிற மாதிரியே எழுதியது பச்சை. ஒலி ஒன்றாகக் கேட்டு எழுத்து மாறியது நீலம். குறில் நெடில் மாறியது மஞ்சள். புள்ளி எழுத்து கூடியதும் விட்டதும் ஆரஞ்சு. எழுத வேண்டிய வேலை இல்லை, கலர் அடிக்கிற வேலை என்பதால் சந்தோஷமாக உட்கார்ந்தான். முடித்தபோது நோட்டு முழுக்க நீலமும் பச்சையும்தான். மஞ்சள் கொஞ்சம். அதுவரை "தமிழ் வராது" என்று மொத்தமாகப் பயந்துகொண்டிருந்த பையனுக்கு, இன்ன இடத்தில்தான் கோளாறு என்று கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

பச்சையை முதலில் எடுத்தோம். நேத்து, காத்து, பாத்து, சேத்து. இதற்கு நான் செய்தது, அந்தச் சொற்களை நோட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லப் பழக்கியதுதான். நேற்று. காற்று. பார்த்து. சேர்த்து. செய்தி வாசிக்கிறவர் மாதிரி சொல்லு என்றால் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நேற்று சென்னையில் பலத்த காற்று வீசியது" என்பான். வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. பேசும்போது எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், எழுதும்போது மனசுக்குள் நியூஸ் வாசிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. "த்து" எல்லாம் "ற்று" ஆகிவிடாது. பத்து பத்துதான், கொத்து கொத்துதான். இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாள் கடைக்குப் போய்வந்து "பற்று ரூபா மிச்சம்" என்று எழுதிக் காட்டினான். அடுத்த கேள்வி, "அப்ப சேத்துப்பட்டு ஸ்டேஷன் போர்டுல மட்டும் ஏன் த்து போட்டிருக்கு?" ஊர்ப் பெயருக்கு விதிவிலக்கு உண்டு என்று சமாளித்தேன்.

நீலம்தான் பெரிய வேலை. அதில் பாதி வெறும் மனப்பாடம், வேறு வழியே கிடையாது. பள்ளிக்கு ஏன் ள, பல்லிக்கு ஏன் ல என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆனால் மீதிப் பாதிக்கு எழுத்துகளே ஒழுங்கு வைத்திருக்கின்றன, அதை யாரும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி உட்காரவைத்துச் சொல்வதில்லை. வாட்ஸப்பில் சுற்றுகிற அந்த "மூணு சுழி ண, ரெண்டு சுழி ன" செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ட பக்கத்தில் ண் வரும், ற பக்கத்தில் ன் வரும், த பக்கத்தில் ந் வரும். நண்டு, வண்டி, கிண்டி. கன்று, நன்றி, மூன்று. பந்து, சந்தை. இது இலக்கணத்தில் இன எழுத்து என்று ரொம்ப நாளாக இருக்கிற விஷயம்தான். இதை ஒன்றைப் பிடித்துக்கொண்டால், "வன்டி" என்று பிள்ளை எழுதவே எழுதாது. கூடவே, சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும், மற்ற இரண்டும் வராது. ற, ழ, ள இவையும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ழ இரட்டிக்காது, அதனால் இரண்டு தடவை அழுத்திக் கேட்டால் அது ல்ல அல்லது ள்ள, ழ-வை யோசிக்கவே வேண்டாம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், குருட்டாம்போக்கில் எழுத வேண்டிய இடம் நிறையக் குறைந்துவிடுகிறது. நண்பன் மாதிரி சில சொற்கள் அப்போதும் பிடிகொடுக்காது. அதற்குச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.

ல, ள, ழ-வுக்கு முதலில் நாக்கைப் பழக்க வேண்டியிருந்தது. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள-வுக்கு நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கும் மடியும், ஆனால் தொடாது. கண்ணாடி முன்னால் நின்று, அவர் செல்போன் டார்ச்சை அவன் வாய்க்குள் அடித்துப் பார்த்தோம். (செல்போனுக்கும் ஒரு நல்ல வேலை.) மாமியாருக்கு ழ சுத்தமாக வரும், அவர் வந்தவாசிப் பக்கம். "அந்தக் காலத்துல வாத்தியார் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது" என்றார். பேரனுக்குக் கிள்ளல் இல்லாமலே ஒருவாறு வந்துவிட்டது, பேசும்போது மட்டும் மறுபடி வாளப்பளம்தான்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே ழ இருப்பது வசதி. அதை அவன் "பலவந்தாங்கல்" என்று எழுதிக்கொண்டிருந்தான், கேட்டால் யாரையோ பலவந்தப்படுத்திய ஊர் மாதிரி இருக்கும். சென்னைப் புறநகர் ரயிலில் பீச் வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனால் இந்தப் பாடம் முழுவதும் மஞ்சள் போர்டுகளில் எழுதி வைத்திருக்கிறது. பரங்கிமலையில் ல. கிண்டியில் ண்ட. எழும்பூரில் ழ. எதிர்த்திசையில் போனால் பல்லாவரம், அதில் ல்ல. பல்லாவரத்தில் பல்லி இருக்கு, பள்ளத்தில பள்ளி இருக்கு என்று அவனே ஏதோ பாட்டுக் கட்டினான். பள்ளிக்கு என்ன எழுத்து என்று குழம்பினால் இப்போது அந்தப் பாட்டுத்தான் துணை. அர்த்தமெல்லாம் கேட்கக்கூடாது.

கடைசி ஸ்டேஷனில் இறங்கினோம். போர்டில் சென்னை கடற்கரை. "கடல்ல ல் இருக்கு, கடற்கரைல ல் எங்க போச்சு?" என்று கேட்டான். எனக்கு அங்கேயே நின்று சொல்ல வேண்டும்போல் ஆகிவிட்டது. ல் போகிற இடத்தில் ற வரும், ள் போகிற இடத்தில் ட வரும். கடல், கடற்கரை. கல், கற்கள். சொல், சொற்கள். முள், முட்கள். நாள், நாட்கள். வினைச்சொல்லில் இன்னும் நன்றாகத் தெரியும். நில் என்றால் நின்றான், செல் என்றால் சென்றான், கொல் என்றால் கொன்றான். கேள் என்றால் கேட்டான், கொள் என்றால் கொண்டான், ஆள் என்றால் ஆண்டான். ஆக, கேள்வி என்று எழுத ல-வா ள-வா என்று சந்தேகம் வந்தால், "கேட்டான்" என்று சொல்லிப் பார், ட வருதா, அப்ப ள. நிற்கிறான் என்பதில் ற வருதா, அப்ப நில், ல. இது எல்லாச் சொல்லுக்கும் ஓடாது. சொல் என்பதற்கு சொன்னான் என்று வந்து காலை வாரும். ஆனாலும் ஒரு சொல்லைச் சந்தேகப்பட்டால் அதன் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்கிற எண்ணம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அது பெரிய விஷயம். திரும்பி வரும் ரயிலில் கேள்வி கேட்டே கொன்றுவிட்டான். கடைசியில் எதிர்சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வாள் சொல்லு, வால் சொல்லு" என்று அவனைப் பிடித்துக்கொண்டார், நான் தப்பித்தேன்.

மஞ்சளுக்கு, அதாவது குறில் நெடிலுக்கு, விரல் சொடுக்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம் அல்லது விரல் நொடிக்கிற நேரம் என்று தொல்காப்பியமே அளவு சொல்கிறது. படம் ஒரு சொடுக்கு, பாடம் இரண்டு சொடுக்கு. விடு, வீடு. கல், கால். சொடுக்கத் தெரியாத பிள்ளை மேசையைத் தட்டட்டும். எங்கள் வீட்டில் தட்டித் தட்டி மாமியாரின் காலை சீரியல் கெட்டது, மற்றபடி மஞ்சள் சீக்கிரமே குறைந்துவிட்டது.

ஆரஞ்சில் காதுக்கு வேலை உண்டு. தமிழில் ட ஒன்றுதான், ஆனால் பாடு என்றால் மெதுவாக ஒலிக்கும், பாட்டு என்றால் அழுத்தமாக ஒலிக்கும். ஆங்கில எழுத்தை முதலில் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குழப்பம். "எந்த க-மா, கே-வா ஜி-யா?" என்று கேட்பான். தமிழில் எழுத்து ஒன்றுதான்டா, இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், சொல்லின் நடுவில் அழுத்திக் கேட்டால் முன்னால் புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருக்கும் என்றேன். பகல், பக்கம். ஓடு, ஓட்டு. அப்புறம் அந்த "முயற்ச்சி". சென்னையில் சுவர் விளம்பரம், ஆட்டோ முதுகு, பயிற்சி மைய போர்டு எல்லாவற்றிலும் இந்த ச் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை மகிழ்ச்சி, வளர்ச்சி என்று சரியாகப் படித்திருக்கிறான், அதே மாதிரி இதையும் எழுதுகிறான், அவன் யோசித்ததில் தப்பே இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒரே வரி. ட், ற் இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, கற்பனை, காட்சி, நட்பு, வெட்கம். ர், ய், ழ் பக்கத்தில் வரலாம். பார்க்க, வாய்ப்பு, வாழ்க்கை. இது தெரிந்த நாளிலிருந்து தெருவில் போகிற ஆட்டோவை எல்லாம் திருத்துகிறான்.

இரண்டு சொற்களுக்கு நடுவில் வருகிற ஒற்று, பல்லிக்குப் போனேன் என்பதில் வரும் ப், அதை நான் தொடவே இல்லை. பெரியவர்களே தடுமாறுகிற இடம் அது. நாலாம் வகுப்பில் அதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம் என்பது என் கட்சி.

எழுத்தின் வடிவமும் சில பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல். கொம்பு இருக்கிறதே, வாயில் எழுத்துக்குப் பின்னால் வருகிற ஒலிக்குக் கையில் எழுத்துக்கு முன்னால் குறி போட வேண்டும். சின்னவன் முதலில் க போட்டுவிட்டு, பிறகு இடம் இல்லாமல் கொம்பைக் குத்திச் சொருகுவான். உகர ஊகார வரிசை அதைவிட மோசம். கு ஒரு மாதிரி, சு பு வேறு மாதிரி, து நு இன்னொரு மாதிரி, மு ரு மற்றொரு மாதிரி. பெரியார் 1935-ல் குடிஅரசு ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று, லை, னை, ணா, றா போன்ற 13 எழுத்துகளை ஒழுங்குபடுத்தியது. இந்த உகர வரிசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மாமியார் அதற்கு முன்பே பள்ளிக்கூடம் போனவர் என்பதால் இன்றைக்கும் மளிகைச் சீட்டில் தும்பிக்கை வைத்த லை போடுவார். "பாட்டி தப்பா எழுதுறாங்க" என்று இவன் சிவப்பு வட்டம் போட்டதும், அதற்கு அவர் கொடுத்த பதிலும் இங்கே வேண்டாம்.

வடிவத்துக்கு நான் கண்ட நல்ல வழி தாம்பாளமும் ரவையும்தான். பரப்பிவிட்டு விரலால் எழுத வேண்டும், எழுதும்போதே வாயால் சொல்ல வேண்டும். விஜயதசமிக்கு அரிசியில் அ எழுதுகிறோமே, அதுதான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படித்தார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-ல் எழும்பூரில் ராணுவ ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தைக் கவனிக்க வந்தவர், ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பிப் போய் 1797-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில் ஒரு பாகம். இங்கிலாந்தில் மெட்ராஸ் சிஸ்டம் என்றே அதற்குப் பெயர் வந்தது. இன்றைக்கு எழுத்து தடுமாறுகிற பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சியிலும் கண், காது, வாய், விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். எலக்ட்ரிக் ட்ரெயினில் போகிற தூரத்தில் நடந்த சங்கதி, சுற்றி வளைத்து நமக்கே புதுசாக வருகிறது. "நல்ல ரவை வீணாகுதே" என்று மாமியார் கவலைப்பட்டதால் இப்போது வண்டு விழுந்த ரவை தனி டப்பாவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை "சொல்வதை எழுதுதல்" தேர்வுக்கு நாங்கள் படிக்கிற முறை இதுதான். சொல்லைப் பார்க்க வேண்டும், நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்ல வேண்டும், எந்த எழுத்தில் மாட்டுவோம் என்று அந்த ஒரு எழுத்தின் கீழ் மட்டும் கோடு போட வேண்டும், மூடிவிட்டு எழுத வேண்டும், திறந்து அவனே சரிபார்க்க வேண்டும். மூடி எழுதுவதில்தான் சூட்சுமம். மறுபடி மறுபடி படிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்பதை ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே நாளில் மொத்தமாகப் படித்தது சீக்கிரம் கரைந்துவிடும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதனைப் பொருளாக வைத்துச் சொல்லிவிட்டார். அதனால் வியாழன் ராத்திரி அழுகை கிடையாது. திங்களும் புதனும் கொஞ்சம் கொஞ்சம், இட்லி வேகிற நேரம், அதற்கு மேல் இல்லை. போன வாரச் சொல்லில் இரண்டு மூன்று நடுவில் நுழையும். சரியாக எழுதியதை மறுபடி எழுத வைப்பதில்லை. ஒரு சொல்லில் ஓர் எழுத்து தப்பென்றால் அந்த ஓர் எழுத்துக்குத்தான் வட்டம், முழுச் சொல்லுக்கும் இல்லை. மற்ற நாலு எழுத்தையும் சரியாகத்தானே எழுதியிருக்கிறான்? மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது, எல்லோருக்கும் முடியாது, இவன் நோட்டில் அப்படிப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அது போதும்.

இதையெல்லாம் செய்தும் அசையாத பிள்ளைகள் உண்டு. என் அலுவலகத் தோழி ஒருத்தியின் பெண் அப்படித்தான். ஆறாம் வகுப்பில், வாயால் கேட்டால் அறிவியல் பாடம் முழுக்க மணிமணியாகச் சொல்வாள். படிக்கச் சொன்னால் வரிக்கு வரி திணறல், இன்று எழுதிய சொல்லை நாளை வேறு மாதிரி எழுதுவாள், அதே பக்கத்திலேயே மூன்று விதமாகக்கூட எழுதுவாள். இங்கே வீட்டுப் பாடத்தைக் கூட்டிப் பயனில்லை. முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிட வேண்டும், பிறகு டிஸ்லெக்சியா என்கிற, படிப்பதிலும் எழுதுவதிலும் வருகிற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறைப்படி சோதித்துப் பார்க்க வேண்டும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, இதை மாமா சித்தப்பா எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். சென்னையில் இதற்கென்றே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, அதற்குரிய சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். தோழி வீட்டில் முத்திரை குத்திவிடுவார்கள் என்று ரொம்ப நாள் தயங்கினார்கள். ஆனால் அந்தப் பெண் மேல் ஏற்கெனவே "மக்கு" என்று ஒரு முத்திரை இருந்தது, அதைவிட இது எவ்வளவோ மேல் என்று தோழியே ஒரு நாள் சொன்னாள்.

என்னவனுக்கு அப்படி எதுவும் இல்லை, கதைப்புத்தகம் நன்றாகவே படிக்கிறான். இன்னும் பிழை விடுகிறான். ர, ற இன்னும் சரியாகவில்லை. கறுப்பு, கருப்பு இரண்டையும் எழுதுகிறார்களே என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. ஆங்கில டிக்டேஷன் தனிக் கதை. அங்கே 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஒலிகள் வரை சமாளிக்க வேண்டும், நைஃப் என்ற சொல்லின் தலையில் சும்மா ஒரு கே. ஒரு காலத்தில் அதையும் உச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்களாம், பேச்சு மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. இதைச் சொன்னதும் சின்னவன், "நம்ம நேத்து நேற்று மாதிரியா?" என்றான். ஆமாம் என்றேன். ஆனால் இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் வைத்துக்கொள்வதில்லை, குழம்பிவிடுகிறது. திங்கள், புதன் தமிழ். செவ்வாய், வியாழன் ஆங்கிலம், அது அவருடைய பொறுப்பு. அவர் இன்னும் பத்து முறை எழுத வைக்கிறார் என்று கேள்வி.